போர்ட் கம்பனியின் சரித்திரம்: ஏஜண்டின் பக்கத்திலிருந்து ஒரு பாடம்

வியாபார முன்னேற்றம் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் ஹென்றி போர்டின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. சாதாரண விவசாயி ஒருவரின் மகன் உலகத்துக்கே கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார் என்பார்கள். துணிச்சல், விடாமுயற்சி, புதுமை என்று மூன்று பாடங்களைச் சொல்லி முடிப்பார்கள். அவை நல்ல பாடங்கள்தான். ஆனால் அந்தச் சரித்திரத்தை எப்பொழுதும் முதலாளியின் கதிரையில் உட்கார வைத்தே நமக்குச் சொல்கிறார்கள்.

அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் கார் தயாரிக்கப் போகிறோம்? நம்மில் பெரும்பாலானோர் செய்வது வேறொருவர் உற்பத்தி செய்த பொருளை வாங்கி விற்பதுதான். பிஸ்கட், சவர்க்காரம், பெயின்ட், டயர், பெட்டரி, கைத்தொலைபேசி என்று ஏதாவது ஒரு கம்பனியின் ஏஜன்சியில்தான் பலருடைய குடும்பமும் நடக்கிறது. அப்படியானால் போர்டின் சரித்திரத்தில் நமது இடம் ஹென்றி போர்டின் இடமல்ல. அவருடைய காரை விற்ற டீலரின் இடம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் இதே சரித்திரம் வேறு பாடங்களைச் சொல்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

வளர்ந்த கதை

போர்ட் மோட்டார் கம்பனி 1903ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. கையில் இருந்த முதல் 28,000 டொலர். 1908இல் 'மொடல் டி' என்ற கார் வந்தது. அதன் ஆரம்ப விலை 850 டொலர். அக்காலத்தில் கார் என்பது பணக்காரரின் விளையாட்டுப் பொருள். விவசாயியும் தொழிலாளியும் வாங்கக்கூடிய காரைச் செய்ய வேண்டும் என்பதே ஹென்றி போர்டின் எண்ணமாக இருந்தது.

1913இல் அவர் நகரும் பொருத்து வரிசையைத் தொழிற்சாலையில் கொண்டு வந்தார். தொழிலாளி காரைத் தேடிப் போகாமல், கார் தொழிலாளியிடம் நகர்ந்து வந்தது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த வேலை சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. 1914இல் நாட்கூலியை 5 டொலராக உயர்த்தி, வேலை நேரத்தை எட்டு மணித்தியாலமாகக் குறைத்தார். உற்பத்தி கூடக் கூட விலையைக் குறைத்துக்கொண்டே போனார். 1925இல் மொடல் டி ஒன்றை 260 டொலருக்கு வாங்க முடிந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன.

இத்தனை கார்களையும் ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றது யார்? ஹென்றி போர்ட் அல்ல. சிறு பட்டணங்களில் சொந்தப் பணத்தில் கடை கட்டி, சொந்தப் பணத்தில் காரை வாங்கி வைத்து விற்ற ஆயிரக்கணக்கான டீலர்கள். விற்கும் காலத்தில் அவர்களுக்கும் நல்ல இலாபம் கிடைத்தது. காற்று மாறியபோதுதான் கதை மாறியது.

கேட்காமல் வந்த சரக்கு

1919இல் ஹென்றி போர்ட் தனது கம்பனியின் மற்றப் பங்காளிகள் எல்லோரையும் பணம் கொடுத்து வெளியேற்றினார். அதற்குப் பெருந்தொகை கடன் வாங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தது. கார்கள் தேங்கின. கடனைக் கட்டும் தவணையோ நெருங்கியது. மீண்டும் வங்கிகளின் வாசலுக்குப் போக அவருக்கு விருப்பமில்லை.

அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? 1921இன் ஆரம்பத்தில், கேட்காத கார்களையெல்லாம் டீலர்களுக்கு அனுப்பி வைத்தார். வந்து சேர்ந்ததும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஏஜன்சி கைவிட்டுப் போகும். டீலர்கள் தத்தமது ஊர் வங்கிகளுக்கு ஓடினார்கள்; வட்டிக்குக் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டினார்கள். ஹென்றி போர்டின் கடன் அடைந்தது. அந்தக் கடன் எங்கே போனது? சிறு பட்டணத்து டீலர்களின் தலையில் போய் உட்கார்ந்தது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? மாதக் கடைசியில் கம்பனியின் ரெப் வந்து நிற்பார். "டார்கட் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது ஹாஜியார், ஒரு ஐம்பது பெட்டி போட்டு விடுகிறேன், செக்கை அடுத்த மாதத் திகதிக்குத் தாருங்கள்" என்பார். மேலே இரண்டு வீதம் கழிவும் தருவார். அந்த ஐம்பது பெட்டியும் உண்மையில் விற்கப்படவில்லை. கம்பனியின் கணக்கில் விற்பனையாகவும், நமது கணக்கில் கடனாகவும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போர்ட் 1921இல் பெரிதாகச் செய்ததைத்தான் இன்று மாதந்தோறும் சிறிதாகச் செய்கிறார்கள்.

ஆறு மாதம் விற்கச் சரக்கில்லை

இரண்டாவது அடி 1927இல் விழுந்தது. மக்கள் அப்பொழுது நிறமும் வசதியும் உள்ள கார்களைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஷெவர்லே கார் அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டது. மொடல் டி பழசாகிவிட்டது என்று டீலர்கள் முறையிட்டும் ஹென்றி போர்ட் இறங்கி வரத் தாமதித்தார். கடைசியில் 1927 மே மாதம் மொடல் டியை நிறுத்தினார். புதிய 'மொடல் ஏ' கார் வெளியே வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்.

இடையில் ஆறு மாதம் டீலரின் கடையில் புதிய கார் இல்லை. கடை வாடகையும் ஆட்களின் சம்பளமும் மட்டும் தவறாமல் வந்தன. சிலர் ஷெவர்லேக்கு மாறினார்கள். சிலர் கடையை மூடினார்கள். பட்டறையும் உதிரிப்பாகமும் வைத்திருந்தவர்களுக்கு மாத்திரம் ஓரளவு வேலை இருந்தது. பழைய மொடல் டிகள் இலட்சக்கணக்கில் வீதியில் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா? புதிய கார் வராவிட்டாலும் ஓடுகிற கார் பழுதாகத்தான் செய்யும்.

இந்தப் பாடத்தை இலங்கையில் நாமே கண்ணால் கண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்! புதிய வாகனம் விற்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அதே காலத்தில் கராஜ் வைத்திருந்தவருக்கும், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்றவருக்கும் வேலை நிற்கவில்லை.

புதிய பெயரை நம்பியவர்கள்

1957 செப்டம்பரில் போர்ட் கம்பனி 'எட்செல்' என்ற புதிய காரைப் பெரும் விளம்பரத்துடன் இறக்கியது. அதற்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீலர்கள் சேர்க்கப்பட்டார்கள். கார் மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1959 நவம்பரில் கம்பனி அதை நிறுத்திவிட்டது. சுமார் 25 கோடி டொலர் நட்டம் என்று கணக்கிட்டார்கள். போர்டுக்கு அது ஒரு காயம், அது ஆறிவிட்டது. எட்செலை மட்டும் நம்பிக் கடை திறந்தவருக்கோ அதுவே முழுச் சொத்து.

கம்பனிகள் டீலர்களை நசுக்குவதாக அமெரிக்காவில் எழுந்த முறைப்பாடுகள் பாராளுமன்றம் வரை போயிருந்தன. 1956இலேயே, நேர்மையீனமாக நடந்துகொள்ளும் கார்க் கம்பனிக்கு எதிராக டீலர் நீதிமன்றம் செல்ல வழி செய்யும் சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. கூட்டாகக் குரல் கொடுத்ததால் கிடைத்த பாதுகாப்பு அது.

கம்பனியின் பக்க நியாயம்

இதையெல்லாம் சொல்வது போர்ட் கம்பனியைத் திட்டுவதற்காக அல்ல. கம்பனியும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். கம்பனி விழுந்தால் ஏஜண்டும் சேர்ந்துதான் விழுவார்.

2006இல் போர்ட் 1,260 கோடி டொலர் நட்டம் கண்டது. அந்த ஆண்டு போயிங் விமானக் கம்பனியிலிருந்து அலன் முலாலி என்பவரைத் தலைமைக்கு அழைத்து வந்தார்கள். சொத்துக்களையும், போர்டின் நீல நிற முட்டைவடிவச் சின்னத்தையும்கூட ஈடு வைத்து 2,300 கோடி டொலருக்கு மேல் கடன் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகிய இரண்டையும் 2008இல் இந்தியாவின் டாட்டாவுக்கு விற்றார்கள். வட்டிக் கடன் நமக்கு வழியல்ல. ஆனால் புயல் வருவதற்கு முன்பே கூரையைக் கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2009இல் ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் வங்குரோத்து நிலைக்குப் போயின, போர்ட் போகவில்லை. கிறைஸ்லர் தனது 789 டீலர்களுக்கு 2009 மே மாதம் கடிதம் அனுப்பி, நான்கு வாரம்கூடக் கொடுக்காமல் ஏஜன்சியை ரத்துச் செய்தது. ஏஜன்சி எடுக்கும்போது பொருளின் தரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் செய்யும் கம்பனியின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மறைமலைநகரில் நடந்தது

இனி நமக்குக் கிட்டிய ஓர் இடத்துக்கு வருவோம். சென்னைக்குக் கொள்முதலுக்குப் போய் வரும் நமது வியாபாரிகள் தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் போயிருந்தால், ஜீ.எஸ்.டி. வீதியில் மறைமலைநகரைக் கண்டிருப்பார்கள். போர்டின் இந்தியத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது.

போர்ட் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது 1926இல். இறக்குமதி செய்த பாகங்களைப் பொருத்திக் கார்களை விற்றது. சுதந்திரத்துக்குப் பின்னர், உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்பவர்களுக்கு இடம் கொடுக்கும் கொள்கை வந்ததும் 1950களில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மீண்டும் 1995இல் மஹிந்திரா கம்பனியுடன் சரிபாதிப் பங்கில் வந்தது. முதலில் விற்றது, ஐரோப்பாவில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த 'எஸ்கோர்ட்' கார். அதே காலத்தில் கொரியாவின் ஹியுண்டாய் கம்பனி சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டி, 1998இல் 'சான்ட்ரோ' என்ற சிறிய காரை இறக்கியது. இந்தியக் குடும்பம் கேட்டது சிறிய கார்; குறைந்த விலை, குறைந்த எரிபொருள் செலவு.

போர்டும் பாடம் படிக்காமல் இல்லை. 1999இல் 'ஐகொன்', 2010இல் 'பிகோ', 2013இல் 'எக்கோஸ்போர்ட்' என்று நல்ல கார்களைக் கொடுத்தது. ஆனால் ஒரு கார் நன்றாக ஓடினால் அடுத்தது வர ஆண்டுகள் ஆயின. சந்தையில் அதன் பங்கு பெருகவில்லை. விற்பனை எதிர்பார்த்த அளவு வராத நிலையிலும், குஜராத்தின் சானந்தில் 100 கோடி டொலர் செலவில் 2015இல் இரண்டாவது தொழிற்சாலையைத் திறந்தது. 2019இல் மீண்டும் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர உடன்படிக்கை செய்தது. 2020 டிசம்பர் முடிவில் அந்தக் கூட்டும் கைவிடப்பட்டது.

2021 செப்டம்பர் 9ஆம் திகதி, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாகப் போர்ட் அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம் என்றது. சுமார் 4,000 ஊழியர்களின் வேலை பாதிக்கப்பட்டது. பத்திரிகைகள் தொழிற்சாலை ஊழியர்களைப் பற்றி எழுதின, அது நியாயமே. ஆனால் இந்திய வாகன டீலர்களின் சம்மேளனம் அன்று வெளியிட்ட விபரத்தை நாம் வாசிக்க வேண்டும். போர்டின் 170 டீலர்கள் 391 விற்பனை நிலையங்களை வைத்திருந்தார்கள். அவற்றில் அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 2,000 கோடி இந்திய ரூபாய். அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 40,000 பேர். அதாவது, தொழிற்சாலை ஊழியர்களைப் போல் பத்து மடங்கு! எல்லாவற்றையும் விட வேதனையானது, அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்பு வரை கம்பனி புதிய டீலர்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தது என்று சம்மேளனம் கூறியதுதான்.

கம்பனி காட்டிய மாதிரியில் தரை போட்டு, கண்ணாடி போட்டு, நீல விளக்குப் போட்டுக் கட்டிய ஷோரூம் அது. அடுத்த கம்பனிக்கு அது உதவாது. கையிருப்பில் இருந்த கார்களுக்கு வங்கி வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 'இந்தியாவில் இருந்தே போகப் போகும் கம்பனி' என்ற பேச்சு வந்த பிறகு அந்தக் கார்களை முழு விலைக்கு யார் வாங்குவார்?

2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. சானந்த் தொழிற்சாலையை 2023 ஜனவரியில் டாட்டா எடுத்துக்கொண்டது. மறைமலைநகரை மட்டும் போர்ட் விற்காமல் வைத்திருந்தது. 2024இல் அதை ஏற்றுமதிக்காகத் திறக்க விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி இந்திய ரூபாய் முதலீட்டில், 2029 முதல் அங்கே எஞ்சின் தயாரிப்பதற்கு உடன்படிக்கை செய்தது. தொழிற்சாலைக்கு வேலை திரும்பி வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பகுதி மக்களுக்கு நல்லதுதான். ஆனால் ஏற்றுமதி எஞ்சினுக்கு ஷோரூம் தேவையில்லை. கம்பனிக்கு மீண்டும் வர ஒரு வாசல் இருந்தது. டீலருக்கு அது இருக்கவில்லை.

நமது கடைகளுக்கு என்ன பாடம்?

எமது பகுதியிலும் சிறிய அளவில் இதைக் கண்டிருக்கிறோம். வீட்டுப் பாவனைப் பொருள் ஒன்றின் ஏஜன்சியை எடுத்த ஒரு சகோதரர், கடுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளை வரை கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் பொருளுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தார். விற்பனை பெருகியதும் கம்பனி தன்னுடைய லொறியையே நேரடியாக அனுப்பத் தொடங்கியது. அவரிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. மார்க்கட் ரிட்டர்ன் சரக்குக்கு வரவேண்டிய பணமும் இழுபட்டது. ஆகவே, ஏஜன்சி வைத்திருக்கும் சகோதரர்கள் பின்வரும் விடயங்களைக் கவனிப்பது நல்லது.

1. எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பிரதேசம், ஏஜன்சியை நிறுத்துவதானால் எத்தனை மாத முன்னறிவித்தல், மிஞ்சிய சரக்கை யார் பொறுப்பெடுப்பது, வங்கி உத்தரவாதம் எப்பொழுது விடுவிக்கப்படும், ரிட்டர்ன் பணம் எத்தனை நாளில் வரும் என்பவை கடதாசியில் இருக்க வேண்டும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடும் சூரதுல் பகராவின் 282ஆவது வசனமே அது. எழுதக் கேட்பது நம்பிக்கையீனம் அல்ல, மார்க்கம் காட்டிய முறை.

2. விற்பனையாகும் அளவுக்கு மட்டும் சரக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். கழிவுக்கு ஆசைப்பட்டு டார்கட்டுக்காக எடுக்கும் சரக்கு, கம்பனியின் கடனை நாம் சுமப்பதாகும். போன மூன்று மாதத்தில் உண்மையில் எத்தனை பெட்டி கடையை விட்டுப் போனது என்ற கணக்குக் கொப்பி மேசையில் இருந்தால், ரெப்புக்குப் பதில் சொல்வது இலகு.

3. ஒரே கம்பனியில் முழு வியாபாரத்தையும் தொங்க விடாதீர்கள். மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கம்பனியிடம் போகாமல் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பொதுவாக ஏஜன்சி நன்றாக ஓடும் காலத்தில்தான் அடுத்ததைத் தேட வேண்டும். நின்ற பிறகு தேடினால் பேரம் பேசப் பலம் இருக்காது.

4. கம்பனிக்கு மட்டும் உதவும் செலவை நமது பணத்தில் செய்யக்கூடாது. களஞ்சியம், லொறி, ராக்கை ஆகியவை நாளை வேறு சரக்குக்கும் உதவ வேண்டும். கம்பனியின் நிறத்தில்தான் கடை இருக்க வேண்டும் என்றால் அந்தச் செலவை அவர்கள் செய்யட்டும். இலவசமாக வரும் பெயர்ப்பலகையிலும் கம்பனியின் பெயர் பெரிதாகவும் நமது கடையின் பெயர் மூலையில் பொடி எழுத்திலும் இருக்கிறது. ஏஜன்சி போனால் அந்தப் பலகையும் போகும். நமது பெயரையே பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

5. விற்ற பிறகும் வேலை இருக்கும் வியாபாரமாக மாற்றுங்கள். திருத்துதல், உதிரிப்பாகம், பொருத்திக் கொடுத்தல் போன்றவை கம்பனி போன பிறகும் நமது கையில் இருப்பவை. வாடிக்கையாளர் கம்பனியை நம்பி வருகிறாரா, நம்மை நம்பி வருகிறாரா என்பதே கடைசியில் கடையைக் காப்பாற்றும் கேள்வி.

6. அறிகுறிகளைக் கவனியுங்கள். புதிய சரக்கு வருவது குறைதல், கழிவுப் பணம் தாமதமாதல், மெனேஜர்கள் அடிக்கடி மாறுதல், பங்காளி விலகுதல் எல்லாம் அறிகுறிகள். மஹிந்திராவுடனான கூட்டு முறிந்து எட்டு மாதங்களுக்குப் பிறகுதான் போர்டின் அறிவிப்பு வந்தது. அந்த எட்டு மாதத்தில் புதிய ஷோரூம் கட்டாமல் கையைச் சுருக்கிக்கொண்டவர் பாதி தப்பினார்.

7. ஒரே கம்பனியின் ஏஜண்டுகள் ஒருவரையொருவர் போட்டியாளராக மட்டும் பார்க்கக்கூடாது. தனி ஒருவர் ரிட்டர்ன் பணத்தைக் கேட்டால் அது முறைப்பாடு. கண்டி மாவட்டத்தின் பத்து ஏஜண்டுகள் சேர்ந்து கேட்டால் கம்பனி உட்கார்ந்து பேசும். அமெரிக்க டீலர்கள் சட்டத்தைப் பெற்றது இந்த வழியில்தான்.

ஏஜன்சி எடுப்பது தவறான தொழில் அல்ல. நமது முன்னோர் பலரும் அதில்தான் வளர்ந்தார்கள். பள்ளிவாசலும் பாடசாலையும் அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்தன. ஆனால் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்; கம்பனி அதற்கு ஒரு காரணம் மட்டுமே. ஒரு காரணம் அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும்படி கடையை வைத்திருப்பது நமது பொறுப்பு. உங்களிடம் ஏஜன்சி உடன்படிக்கை இருந்தால் இந்த வாரம் ஒரு தடவை அதை எடுத்து வாசியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ரெப் வரும்போது அதைப் பற்றிப் பேசுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.